இரண்டு தீபாவளிகளைக் கடந்த லோகி: லாக்குகளை ஓரிடத்தில் சேர்க்கும் மென்பொருள் குறித்த மதிப்பீடு

திருப்பூர் ஆடைகளை மொத்தமாக வாங்கும் சிறு கடைக்காரர்களுக்காக நாங்கள் நடத்தும் ஆர்டர் மென்பொருளில், 2023 தீபாவளிக்கு முந்தைய வாரத்து நள்ளிரவு ஒன்றில், வங்கிக் கணக்கிலிருந்து பணம் போன பிறகும் ஆர்டர் உறுதியாகவில்லை என்று அடுத்தடுத்துப் புகார்கள் வந்தன. அந்த மென்பொருள் பன்னிரண்டு தனித்தனிச் சேவைகளாகப் பிரிந்து ஆறு சர்வர்களில் ஓடுகிறது. ஓர் ஆர்டர் முழுமை பெறுவதற்குள் குறைந்தது ஐந்து சேவைகளைத் தொட்டுச் செல்லும். எந்தச் சேவையில் சிக்கல் என்று தெரியாததால் நாங்கள் மூன்று பேரும் ஆளுக்கு இரண்டு சர்வர்களாகப் பங்கிட்டுக்கொண்டு, டெர்மினலில் ஓடும் லாக்கை, அதாவது சேவைகள் தாம் செய்வதை அவ்வப்போது எழுதிவைக்கும் பதிவு வரிகளைக் கண்ணால் துழாவிக்கொண்டிருந்தோம். நாற்பது நிமிடம் கழித்து, பணம் பெறும் சேவையின் பாட் (சேவையின் ஓடும் பிரதி) ஒன்றில்தான் விடை இருக்க வேண்டும் என்று ஊகித்து அதைத் திறக்கப் போனபோது, உடன் பணியாற்றும் தம்பி சொன்னார்: “அண்ணா, அந்தப் பாட் போயி வேற பாட் வந்துருச்சுங்க. பழைய லாக் இல்லைங்க.”

சேவைகளைப் பல சர்வர்களில் பரப்பி ஓட்டும் குபெர்னெட்டிஸில் இது எதிர்பார்க்க வேண்டிய ஒன்றுதான். பாட்டுக்குள் சேவையை ஓட்டும் கன்டெய்னர் எழுதும் லாக் அது ஓடும் சர்வரின் வட்டிலேயே கோப்பாகக் கிடக்கிறது. நாம் எதையும் மாற்றாவிட்டால் ஒரு கோப்பு 10 எம்பி ஆனதும் அடுத்த கோப்பு தொடங்குகிறது, ஐந்து கோப்புகளுக்கு மேல் சேர்ந்தால் பழையது நீங்குகிறது, பாட் நீக்கப்பட்டால் அதனுடன் எல்லாமே போய்விடுகின்றன. நெரிசல் மிகுந்த நாளில்தான் லாக் நமக்கு மிகவும் தேவைப்படுகிறது. பாட்கள் அதிகம் இறந்து பிறப்பதும், கோப்புகள் விரைவில் நிரம்புவதும் அதே நாளில்தான். லாக்குகளை அவை பிறந்த இடத்தில் வைத்திருக்கக் கூடாது, பிறந்த உடனே ஓரிடத்துக்கு அனுப்பிவிட வேண்டும் என்ற முடிவுக்கு அந்த இரவே வந்துவிட்டோம். அதற்கு 2024 தொடக்கத்தில் நாங்கள் தேர்ந்தெடுத்தது கிராஃபனா லோகி. அதை நிறுவி, தவறாக அமைத்து, திருத்தி, இரண்டு தீபாவளி நெரிசல்களைக் கடந்த அனுபவத்திலிருந்து இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன்.

லோகியை கிராஃபனா லேப்ஸ் 2018 டிசம்பரில் சியாட்டிலில் நடந்த குபெகான் மாநாட்டில் வெளியிட்டது. சர்வர்களின் அளவீடுகளைச் சேகரிக்கும் புரோமிதியஸ் எண்களுக்குச் செய்வதை இது லாக்குகளுக்குச் செய்யும் என்பதே அப்போது தரப்பட்ட அறிமுகம். 1.0 பதிப்பு 2019 நவம்பரிலும், 3.0 பதிப்பு 2024 ஏப்ரலிலும் வந்தன. இதன் தன்மையைப் புரிந்துகொள்ள, அதே வேலைக்கு நெடுநாளாகப் பெயர்பெற்ற எலாஸ்டிக்சர்ச்சை அருகில் வைத்துப் பார்ப்பது நல்லது. எலாஸ்டிக்சர்ச் தன்னிடம் வரும் ஒவ்வொரு வரியையும் சொல் சொல்லாகப் பிரித்து, எந்தச் சொல் எந்த வரியில் வருகிறது என்று ஒரு முழுச் சொல்லடைவைத் தயாரித்து வைக்கிறது. பழைய இலக்கியங்களுக்குப் புலவர்கள் ஆண்டுக்கணக்கில் உழைத்துத் தொகுத்த சொல்லடைவுகளைப் போல, எந்தச் சொல்லைக் கேட்டாலும் இடத்தை உடனே காட்டும். ஆனால் அந்த அடைவைத் தயாரிக்க செயலியும் நினைவகமும் வேண்டும். வைத்திருக்க வேகமான வட்டு வேண்டும். லாக் பெருகப் பெருக அடைவும் உடன் பெருகும்.

லோகி அந்தச் சொல்லடைவையே தயாரிப்பதில்லை. நாளிதழ்களை மாதவாரியாகக் கட்டி, கட்டின் முதுகில் இதழின் பெயர், ஊர், மாதம், ஆண்டு ஆகியவற்றை மட்டும் எழுதி அலமாரியில் அடுக்கும் நூலகத்தைப் போன்றது அது. எந்தச் சேவை, எந்தச் சூழல் (உண்மைப் பயன்பாடா, சோதனையா), எந்தச் சர்வர் தொகுதி என்ற சில லேபிள்களை மட்டுமே இன்டெக்ஸில் (அடைவில்) வைக்கிறது. வரிகளை அப்படியே சுருக்கி, சங்க் எனப்படும் கட்டுகளாக அமேசானின் எஸ்3 போன்ற மலிவான இணையச் சேமிப்பகத்தில் (ஆப்ஜெக்ட் ஸ்டோரேஜ்) போட்டுவிடுகிறது. நாம் தேடும்போது லேபிளையும் நேரத்தையும் வைத்து உரிய கட்டுகளை மட்டும் எடுத்து வந்து, அவற்றை விரித்து, வரி வரியாகப் படித்துப் பார்க்கிறது. லோகியின் மலிவுக்கும் அதன் குறைகளுக்கும் இந்த ஒரு முடிவுதான் காரணம் என்பதால், இதை ஏற்க முடியாதவர்கள் மேற்கொண்டு எதையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியதில்லை.

எங்களுக்கு இது ஏன் பொருந்தியது என்றால், எங்கள் தேடல்களில் பெரும்பாலானவற்றில் நேரம் முன்கூட்டியே தெரியும். கடைக்காரர் நேற்று மாலை ஆறு மணிக்கு ஆர்டர் செய்ததாகச் சொல்கிறார். அந்த ஒரு மணி நேரத்தின் கட்டுகளைப் பிரித்தால் போதும். எங்களிடம் சாதாரண நாளில் ஏறத்தாழ 15 ஜிபி லாக் சேர்கிறது. லோகியின் எல்லாப் பகுதிகளையும் ஒரே நிரலாக ஓட்டும் முறை நாளொன்றுக்கு 20 ஜிபி வரை பொருந்தும் என்று அதன் ஆவணமே சொல்வதால், அந்த எளிய முறையிலேயே தொடங்கினோம். இதற்கு மேல் போகிறவர்களுக்கு எழுதும் பகுதி, படிக்கும் பகுதி, பின்னணிப் பகுதி என்று மூன்றாகப் பிரிக்கும் முறையும், ஒவ்வோர் உறுப்பையும் தனித்தனியாக ஓட்டும் முறையும் இருக்கின்றன. அவற்றை நான் நெருங்கிப் பயன்படுத்தியதில்லை என்பதால் அவை பற்றி இங்கே எதுவும் சொல்லவில்லை.

நிறுவுவது ஒரு பிற்பகல் வேலை. குபெர்னெட்டிஸில் நிறுவுவதற்கான ஆயத்தத் தொகுப்பாக ஹெல்ம் சார்ட் இருக்கிறது, 3100 என்ற போர்ட்டில் லோகி எழுந்து நிற்கிறது, தரவைத் திரையில் காட்டும் கிராஃபனாவில் அதை ஒரு தரவு மூலமாகச் சேர்த்தால் முதல் வரிகள் திரையில் வந்துவிடுகின்றன. அந்த முதல் நாள் மகிழ்ச்சியில்தான் நாங்கள் பெரிய தவற்றைச் செய்தோம். தவறு எங்களுடையது, ஆனால் லோகிக்குப் புதிதாக வருகிற பலரும் இதே இடத்தில் சறுக்குவார்கள் என்று நினைப்பதால் விரிவாகச் சொல்கிறேன்.

லேபிள்தான் இன்டெக்ஸ் என்று படித்ததும், தேட விரும்புவதையெல்லாம் லேபிளாக்கிவிடலாம் என்று எங்களுக்குத் தோன்றியது. சேவையின் பெயர், சூழல், லாக்கின் நிலை (தகவலா, எச்சரிக்கையா, பிழையா என்பது) ஆகியவற்றோடு வாடிக்கையாளர் எண்ணையும் லேபிளாகச் சேர்த்தோம். லோகியில் லேபிள் மதிப்புகளின் ஒவ்வொரு தனித்த சேர்க்கையும் ஒரு தனி ஓடை. பன்னிரண்டு சேவைகளும் இரண்டு சூழல்களும் நான்கு நிலைகளும் சேர்ந்தால் அதிகபட்சம் 96 ஓடைகள். அதோடு ஆயிரக்கணக்கான வாடிக்கையாளர்களைப் பெருக்கினால் எண்ணிக்கை கட்டுக்கடங்காது. ஒவ்வோர் ஓடைக்கும் நினைவகத்தில் ஒரு தனிக் கட்டு திறந்திருக்கிறது. அது ஏறத்தாழ ஒன்றரை எம்பியை எட்டும் வரை, அல்லது அரை மணி நேரம் புதிய வரி வராமல் கழியும் வரை, அல்லது திறந்து இரண்டு மணி நேரம் ஆகும் வரை லோகி அதை மூடுவதில்லை. ஒரு வாடிக்கையாளரின் பெயரில் அரை மணி நேரத்தில் வருவதே ஏழெட்டு வரிகள்தான். ஆகவே நினைவகத்தில் ஆயிரக்கணக்கான கட்டுகள் ஏறக்குறைய வெறுமையாகத் திறந்து கிடந்து, ஒவ்வொன்றும் சில நூறு பைட்டுகளோடு எஸ்3-க்குப் போயின. எஸ்3-இல் சேமிக்கும் அளவுக்கு மட்டுமல்லாமல் எழுதும் ஒவ்வொரு முறைக்கும் கட்டணம் உண்டு. தேடும்போதும் ஒரு பெரிய கட்டைப் பிரிப்பதற்குப் பதிலாகப் பல்லாயிரம் சிறு பொட்டலங்களைப் பிரிக்க வேண்டியிருந்தது.

லோகியைப் பயன்படுத்தும் ஓர் அமைப்புக்கு 5000 ஓடைகள் என்ற இயல்பான வரம்பு லோகியிலேயே இருப்பதால், மூன்றாம் நாள் அது வரம்பு மீறியதைச் சொல்லும் 429 என்ற மறுப்பை அனுப்பத் தொடங்கியது. அன்று அந்த வரம்பை உயர்த்திவிடலாம் என்று எங்களில் இருவர் சொன்னோம். அவர்களில் நானும் ஒருவன். வரம்பை உயர்த்தாமல் அதன் காரணத்தைத் தேடியதுதான் எங்களைக் காப்பாற்றியது. இப்போது எங்களிடம் நான்கே லேபிள்கள் உள்ளன: சேவை, சூழல், தொகுதி, நிலை. வாடிக்கையாளர் எண், ஆர்டர் எண், ஒரே கோரிக்கை தொடும் எல்லாச் சேவைகளிலும் மாறாமல் வரும் டிரேஸ் எண் ஆகியவை லேபிளாக இல்லாமல் வரிக்குள்ளேயே இருக்கின்றன. 3.0 பதிப்பிலிருந்து இயல்பாகவே கிடைக்கிற ஸ்ட்ரக்சர்டு மெட்டாடேட்டா என்ற வசதியில் டிரேஸ் எண்ணை மட்டும் வரியோடு ஒட்டிய தனிக் குறிப்பாக வைக்கிறோம். அது இன்டெக்ஸைப் பெருக்காது, ஆனால் வரியைப் பகுத்துப் படிக்காமலே வடிகட்ட உதவும். இந்த வசதிக்கு டிஎஸ்டிபி என்ற புதிய வகை இன்டெக்ஸும் 13-ஆம் ஸ்கீமாவும் (தரவைச் சேமிக்கும் வடிவம்) வேண்டும். பழைய அமைப்பிலிருந்து மாறுகிறவர்கள் இனி வரும் ஒரு தேதியைக் குறித்து, அந்நாள் முதல் புதிய ஸ்கீமா என்று எழுதிவைக்க வேண்டும். பழைய தரவை மாற்றி எழுத வேண்டிய தேவை வரவில்லை என்பது லோகியின் வடிவமைப்பில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு நுணுக்கம்.

லாக்கைச் சர்வர்களிலிருந்து எடுத்து அனுப்பும் முகவர் மென்பொருள் தனி. நாங்கள் தொடங்கியபோது அந்த வேலைக்கு புரோம்டெய்ல் இருந்தது. 2025 பிப்ரவரியில் அது பராமரிப்பு நிலைக்குத் தள்ளப்பட்டு, 2026 மார்ச்சுடன் ஆதரவு முடியும் என்று அறிவிக்கப்பட்டதால், அதே நிறுவனத்தின் அலாய்க்கு மாறினோம். பழைய அமைப்புக் கோப்பை மாற்றித் தரும் கட்டளை அலாயில் இருக்கிறது. எங்கள் கோப்பில் முக்கால்வாசியை அது சரியாக மாற்றியது, மீதியைக் கையால் எழுதினோம். ஃப்ளூயன்ட் பிட் போன்ற பிற முகவர்களும் லோகிக்கு அனுப்பும், 3.0 முதல் ஓப்பன்டெலிமெட்ரி என்ற பொதுத் தரத்தின் அனுப்பும் நெறிமுறையான ஓடிஎல்பி வழியாகவும் நேரடியாக அனுப்பலாம். இன்று புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் ஓடிஎல்பி வழியையே சொல்வேன், ஏனெனில் அனுப்பும் முறை பொதுவானதாக இருந்தால் சேமிக்கும் இடத்தைப் பின்னாளில் மாற்றுவது எளிது.

முகவரைப் பற்றி ஓர் எண்ணைக் கட்டாயம் நினைவில் வைத்திருக்க வேண்டும். லோகி ஏற்க மறுத்தால் முகவர் அரை நொடி, ஒரு நொடி, இரண்டு நொடி என்று இடைவெளியை இரட்டித்துக்கொண்டே பத்து முறை முயல்கிறது. எல்லாம் சேர்த்து ஏறத்தாழ எட்டரை நிமிடம். அதற்குப் பிறகு அந்த வரிகளைக் கைவிட்டுவிடுகிறது. 2024 தீபாவளிக்கு முன்பு ஒரு சேவையில் டீபக் நிலை லாக்கை (பிழை தேடும்போது மட்டும் தேவைப்படும் மிக விரிவான லாக்கை) அணைக்க மறந்திருந்தோம். அதன் வெள்ளம் நொடிக்கு 4 எம்பி என்ற இயல்பான வரவு வரம்பைத் தொட்டதும் மற்றச் சேவைகளின் வரிகளும் சேர்ந்து மறுக்கப்பட்டன. எட்டரை நிமிடத்துக்குள் காரணத்தைக் கண்டுபிடித்ததால் இழப்பு இல்லை. அதன் பிறகு மறுக்கப்படும் வரிகளின் எண்ணிக்கைக்கு ஓர் எச்சரிக்கையை வைத்திருக்கிறோம். லோகி இந்த எண்ணைக் காரணத்தோடு பிரித்துத் தருகிறது என்பது பாராட்டுக்குரியது.

இனி தேடல். லோகியின் வினா மொழியான லாக்கியூஎல், புரோமிதியஸ் அறிந்தவர்களுக்கு ஒரே நாளில் கைவரும். முதலில் நெளிவு அடைப்புக்குள் லேபிள்; பிறகு வரியில் இருக்க வேண்டிய சொல்; பிறகு வரியைப் பகுக்கும் முறை; கடைசியில் பகுத்த மதிப்புகளின் மேல் நிபந்தனை. இந்த வரிசையை மாற்றக் கூடாது என்பதை நாங்கள் பட்டறிந்துதான் கற்றோம். வரியைப் பெயரும் மதிப்புமாக எழுதும் ஜேசன் வடிவில் பகுத்துவிட்டு ஆர்டர் எண்ணைத் தேடினால் ஒவ்வொரு வரியும் பகுக்கப்படுகிறது. ஆர்டர் எண் உள்ள வரிகளை முதலில் வடிகட்டிவிட்டுப் பிறகு பகுத்தால் ஒரு சில வரிகளுக்கு மட்டுமே அந்த வேலை. பார்வைக்கு இரண்டும் ஒன்று போலவே இருக்கும். எங்கள் தரவில் ஒரு நாள் பரப்புக்கு முன்னது காத்திருக்கச் செய்தது, பின்னது சில நொடிகளில் விடை தந்தது.

2025 தீபாவளிக்கு முந்தைய வாரத்தில், முன்பு சொன்ன அதே வகைப் புகார் மீண்டும் வந்தது. ஆர்டர் எண்ணை வைத்து ஒரு வரியைக் கண்டெடுத்தோம். அந்த வரியில் 32 எழுத்துகள் கொண்ட டிரேஸ் எண் இருந்தது. அதைக் கொண்டு எல்லாச் சேவைகளையும் ஒரே வினாவில் தேடினோம். திரையில் பதினோரு வரிகள் நேர வரிசையில் நின்றன: கூடை சேவை ஆர்டரை ஒப்படைத்தது, பணம் பெறும் சேவை வெளியாருடைய கட்டண நுழைவாயிலைக் கேட்டது, 30 நொடியில் காத்திருப்பு முடிந்ததென்று பிழை எழுதியது, ஆர்டர் சேவை அதைத் தோல்வி என்று குறித்தது, அதற்கு நான்கு நொடி கழித்து நுழைவாயிலிலிருந்து வெற்றி என்ற பதில் வந்து சேர்ந்தது, அதை வாங்கிய சேவை ஆர்டர் ஏற்கெனவே மூடப்பட்டது என்று சொல்லி ஒதுக்கிவிட்டது. 34 நொடியில் வந்த பதிலை 30 நொடியில் கைவிட்ட எங்கள் அமைப்பே குற்றவாளி. இரண்டு ஆண்டுகளுக்கு முன் அந்த நள்ளிரவில் தொலைந்த பாட்டின் லாக்கிலும் இதே வரிகள்தான் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். உறுதி செய்ய வழியில்லை. இம்முறை புகார் வந்த ஏழு நிமிடத்தில் காரணம் தெரிந்தது, அதே முறையில் பாதிக்கப்பட்ட மற்ற ஆர்டர்களையும் அந்த ஒதுக்கல் வரியைத் தேடி எடுத்து, கடைக்காரர்கள் அழைப்பதற்கு முன்பே உறுதி செய்துவிட்டோம்.

இதே தேடலை நேரம் தெரியாமல் செய்தால் படம் மாறுகிறது. கணக்குப் பிரிவில் இருக்கும் அக்கா ஒருவர், ஒரு குறிப்பிட்ட கடைக்காரரின் கணக்கில் கடந்த ஐந்து மாதங்களில் ஒரு தொகை எப்போது மாறியது என்று கேட்டார். நேரம் தெரியாது, சேவையும் ஊகம்தான். லோகி ஐந்து மாதக் கட்டுகளை எஸ்3-இலிருந்து இழுத்து வந்து விரித்துப் படிக்க வேண்டும். வினாவுக்கு 30 நாள் பரப்பு என்ற இயல்பான வரம்பும், ஒரு நிமிடக் காலக்கெடுவும் இருப்பதால், மாதம் மாதமாக, சில மாதங்களில் வாரம் வாரமாகத் தேடி, பிற்பகல் முழுவதையும் செலவிட்டோம். வினாவை மணிக்கணக்கில் துண்டாக்கி இணையாக ஓட்டும் வசதி லோகியில் இருக்கிறது. ஆனால் இணையாக ஓட்டச் சர்வர்கள் வேண்டும், எங்களைப் போன்ற சிறிய அமைப்பில் அது பெரிதாக உதவாது. எலாஸ்டிக்சர்ச் இருந்திருந்தால் இந்தக் கேள்விக்கு நொடிகளில் விடை கிடைத்திருக்கும். அந்த நாளுக்குப் பிறகு, பணம் தொடர்பான மாற்றங்களை லாக்கில் தேடும் வழக்கத்தை விட்டுவிட்டு, அவற்றுக்கென்று தரவுத்தளத்தில் தனித் தணிக்கை அட்டவணை வைத்தோம். அது முதலிலேயே செய்திருக்க வேண்டிய வேலை.

நேரத்தைப் பற்றிப் பேசாமல் லாக்குகளைப் பற்றிப் பேச முடியாது. எங்கள் பழைய சேவை ஒன்று இந்திய நேரத்தை, அது இந்திய நேரம் என்ற குறிப்பு இல்லாமல் எழுதிவந்தது. முகவர் அதை உலகப் பொது நேரமாகப் படித்ததால் ஒவ்வொரு வரியும் ஐந்தரை மணி நேரம் எதிர்காலத்தில் இருந்து வருவதாகத் தோன்றியது. எதிர்கால வரிகளைப் பத்து நிமிட விலகல் வரையே லோகி ஏற்கும். எனவே அந்தச் சேவையின் ஒரு வரிகூட உள்ளே போகவில்லை. பழைய பதிப்புகளில் ஓர் ஓடைக்குள் வரிகள் நேர வரிசை தவறி வந்தாலே மறுக்கப்பட்டன. 2021 நவம்பரில் வந்த 2.4 பதிப்பிலிருந்து அந்தக் கண்டிப்பு தளர்ந்து, இப்போது இயல்பான அமைப்பில் ஒரு மணி நேரப் பின்தங்கல் வரை ஏற்கப்படுகிறது. நேர மண்டலத்தை எழுதாத சேவை ஏதாவது உங்களிடம் இருந்தால், லோகியை நிறுவுவதற்கு முன்பே அதைத் திருத்திவிடுங்கள்.

இந்தியாவில் இயங்கும் நிறுவனங்களுக்கு இதில் சட்டக் கடமையும் இருக்கிறது. இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அவசரநிலைக் குழுவான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவுகள், கணினி அமைப்புகளின் லாக்குகளைச் சுழற்சி முறையில் 180 நாட்களுக்குப் பாதுகாக்க வேண்டும் என்றும், கணினிகளின் கடிகாரங்களைத் தேசியத் தகவலியல் மையம் அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேரச் சர்வர்களோடு, அல்லது அவற்றை அடியொற்றிய சர்வர்களோடு ஒத்திசைக்க வேண்டும் என்றும் சொல்கின்றன. லோகி எங்களுக்கு மிகப் பெரிய பயன் தந்தது இந்த இடத்தில்தான். 180 நாள் லாக்கை எலாஸ்டிக்சர்ச்சின் வேகமான வட்டுகளில் வைத்திருக்கும் செலவைக் கணக்கிட்டுப் பார்த்தபோது அது எங்கள் கைக்கு எட்டவில்லை. லோகியிலோ சுருக்கப்பட்ட கட்டுகள் எங்கள் தரவில் மூலத்தின் பத்தில் ஒரு பங்கு அளவுக்கே வருகின்றன. அவை மும்பை வட்டாரத்து எஸ்3-இல் கிடக்கின்றன. பெரும்பாலான நாட்களில் அவற்றை யாரும் தொடுவதில்லை. தேவை வந்தால் எடுக்கலாம் என்ற நிலைக்கு இது பொருத்தமான விலை.

ஆனால் 180 நாட்களுக்குப் பிறகு லோகி தானாக அழிக்கும் என்று எண்ணிவிட வேண்டாம். இயல்பான அமைப்பில் அது எதையும் அழிப்பதில்லை. கம்பாக்டர் என்ற உறுப்பில் காலவரம்பு வசதியை இயக்கி, நாட்களைக் குறிப்பிட்டால்தான் அழிக்கும். ஓடைவாரியாகவும் குறிப்பிடலாம்: சோதனைச் சூழலின் லாக்கை நாங்கள் ஏழு நாட்களில் நீக்கிவிடுகிறோம். எஸ்3-இன் ஆயுள் விதிகளை வைத்து அழிக்க நினைப்பவர்கள், அங்கே குறிக்கும் காலம் லோகியில் குறிக்கும் காலத்தைவிட நீளமாக இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் இன்டெக்ஸ் காட்டும் கட்டு இடத்தில் இருக்காது.

எல்லா லாக்கையும் ஓரிடத்தில் சேர்க்கும்போது, அதுவரை பன்னிரண்டு இடங்களில் சிதறிக் கிடந்த ரகசியங்களும் ஓரிடத்தில் சேர்ந்துவிடுகின்றன. முதல் வாரத்தில் சும்மா வரிகளை மேய்ந்துகொண்டிருந்தபோது, வாடிக்கையாளர்களுக்குப் போன ஓடிபி எண்கள் அவர்களுடைய கைபேசி எண்களோடு அப்படியே ஒரு சேவையின் லாக்கில் வந்துகொண்டிருந்ததைக் கண்டு அதிர்ந்தேன். அவை அதுவரை சர்வர் நுழைவு உள்ள மூவருக்கு மட்டுமே தெரிந்திருக்கக் கூடியவை. இப்போது கிராஃபனா கணக்கு உள்ள எல்லோருக்கும் தெரியும். சேவையின் மூலநிரலில் அதைத் திருத்தினோம். தவறி வருபவற்றை முகவரிலேயே மறைக்க விதிகளையும் எழுதினோம். லோகி தன்னளவில் கடவுச்சொல் எதையும் கேட்பதில்லை என்பதை இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டும். யார் எந்த அமைப்பின் லாக்கைக் கேட்கிறார் என்பதை கோரிக்கையோடு வரும் ஒரு ஹெடரில் (தலைப்புக் குறிப்பில்) இருப்பதை நம்பி ஏற்கிறது. அந்த ஹெடரை யார் எழுதலாம் என்பதை லோகிக்கு முன்னால் நின்று கோரிக்கைகளை வாங்கி அனுப்பும் பிராக்ஸிதான் காக்க வேண்டும். 3100 போர்ட்டைப் பொது இணையத்துக்குத் திறந்து வைத்தால், உங்கள் லாக் முழுவதையும் யாரும் படிக்கலாம், எழுதவும் செய்யலாம். நிறுவும் வழிகாட்டியின் முதல் பக்கத்திலேயே இதைப் பெரிய எழுத்தில் போட வேண்டும் என்பது என் விருப்பம்.

எச்சரிக்கைகளைப் பற்றிச் சுருக்கமாக. பிழை வரிகள் அளவுக்கு மீறும்போது எச்சரிப்பதை எல்லோரும் அமைக்கிறார்கள். எங்களுக்கு அதைவிட அதிகம் உதவியது, ஒரு சேவையிலிருந்து பத்து நிமிடமாக ஒரு வரியும் வரவில்லை என்பதற்கான எச்சரிக்கை. முகவர் நின்றுபோனாலும், சேவை உறைந்துபோனாலும், நேர மண்டலக் குழப்பத்தால் வரிகள் மறுக்கப்பட்டாலும் முதலில் தெரிவது அந்த மௌனம்தான்.

ஜாவா சேவைகள் வைத்திருப்பவர்கள், பிழையின் நீண்ட தடம் ஐம்பது வரிகளாகச் சிதறி ஐம்பது தனிப் பதிவுகளாக வந்து நிற்பதைக் காண்பார்கள். பல வரிகளை ஒன்றாக்கும் விதியை முகவரில் எழுதலாம். நாங்கள் எழுதினோம், நெரிசலில் அது சில சமயம் இரண்டு பிழைகளை ஒட்டிவிட்டது. கடைசியில் சேவையே ஒவ்வொரு பதிவையும் ஒரே வரி ஜேசனாக எழுதும்படி மாற்றினோம். தொல்லை அன்றோடு தீர்ந்தது.

உரிமத்தைப் பொறுத்தவரை, லோகி 2021 ஏப்ரலில் அப்பாச்சி உரிமத்திலிருந்து, மாற்றிய மூலநிரலைப் பகிரக் கோரும் திறமூல உரிமமான ஏஜிபிஎல் மூன்றாம் பதிப்புக்கு மாறியது. மாற்றம் செய்யாமல் சொந்தப் பயனுக்கு ஓட்டும் எங்களைப் போன்றோருக்கு இதனால் இடையூறு இல்லை; லோகியை மாற்றியமைத்துப் பிறருக்கு இணையச் சேவையாகத் தர நினைப்பவர்கள் வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. ஆவணங்கள் விரிவானவை, ஆனால் அமைப்பு விருப்பங்களின் பக்கம் மிக நீளமானது. நான் இங்கே சொன்ன வரம்புகளில் பாதியைப் பிழைச் செய்தியைப் பார்த்த பிறகே அந்தப் பக்கத்தில் தேடிக் கண்டேன். பதிப்பு மாறும்போது வரம்புகளின் இயல்பு மதிப்புகளும் மாறுகின்றன, எனவே மேம்படுத்துவதற்கு முன் மாற்றக் குறிப்புகளை முழுவதும் படிப்பது அவசியம்.

சேவைகள் பத்து முதல் சில பத்துகள் வரை இருக்கிற, ஏற்கெனவே கிராஃபனாவும் புரோமிதியஸும் ஓட்டுகிற, லாக்கை முக்கியமாகப் பழுது பார்க்கவும் சட்டத்துக்காகப் பாதுகாக்கவும் பயன்படுத்துகிற குழுவுக்கு லோகியை மனமார்ந்து பரிந்துரைக்கிறேன். பாதுகாப்பு ஆய்வாளர்கள் மாதக்கணக்கான லாக்கில் ஏதோ ஒரு முகவரியையோ சொல்லையோ நாள்தோறும் தேடுகிற இடத்துக்கு இது ஏற்றதல்ல. அவர்கள் சொல்லடைவுக்குரிய செலவைச் செய்யத்தான் வேண்டும்.

தொடங்குகிறவர்கள் முதலில் ஒரே ஒரு சர்வரில் லோகியை ஓட்டி, இரண்டு சேவைகளின் லாக்கை மட்டும், சேவை, சூழல் என்ற இரண்டு லேபிள்களோடு இரண்டு வாரம் அனுப்பிப் பாருங்கள். அந்த இரண்டு வாரத்தில் யார் என்ன கேள்வியோடு வந்து லாக்கைத் திறந்தார்கள் என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். மூன்றாவது லேபிள் வேண்டுமா, அது எது என்பதை அந்தத் தாளைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.